மோஸ்தரும் மூட்டையும்

(மணலூர்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நெல் மண்டியில் மூட்டை இறங்கியதும் முதலில் வெளியே வருவது தராசு அல்ல, குத்தூசி. கை நீளத்துக்கும் குறைவான இரும்பு. ஒரு முனை கூர், உடல் முழுக்க வாய்க்கால் வெட்டியதுபோல் ஒரு குடைவு. சாக்கின் விலாவில் ஒரே குத்து. நடு மூட்டையில் கிடக்கும் நெல் அந்தக் குடைவு வழியாக வழிந்து உள்ளங்கையில் விழும். மண்டிக்காரர் அதைத் தேய்க்கிறார், ஊதிப் பதரைப் பறக்கவிடுகிறார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ‘ஈரம் இருக்குங்க’ என்று சொல்லிவிட்டு விலையில் கை வைப்பார்.

மூட்டையின் வாயை அவிழ்த்துக் காட்டும் நெல்லை எந்த மண்டியிலும் யாரும் பார்ப்பதில்லை. வாய்ப்பக்கம் பொன்போல் நெல்லைப் போட்டு, அடியில் கருக்காயைக் கட்டும் வித்தை எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதனால்தான் குத்து விலாவில் விழுகிறது. எந்த மூட்டையில் விழும் என்பதும் கொண்டுவந்தவருக்கு முன்கூட்டித் தெரியாது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பல்லுக்குப் பதில் ஈரப்பத மானி வந்திருக்கிறது, 17 சதவீதத்தைத் தாண்டினால் பேச்சு வேறு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவருக்கோ எடை மேடை, சர்க்கரைக் கட்டுமானம் என்று வேறு கணக்குகள். அவையில் இருக்கும் பலரும் இப்படிச் சோதிக்கப்பட்டவர்கள்தான்.

கடல் கடந்து வரும் சரக்கில் இந்தக் குத்தூசியை எங்கே குத்துவது என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் பொருள். சென்னைப் பாரிமுனையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வியாபாரி சீனத்தில் யீவூ நகரத்து உற்பத்தியாளரிடம் கைப்பேசியில் பொருளைப் பார்க்கிறார், ஒரு சாம்பிளை வரவழைத்துத் தடவிப் பார்க்கிறார், திருப்தி அடைகிறார், பணம் அனுப்புகிறார். கண்டெய்னர் வந்து சேர்கிறது. திறந்தால் சாம்பிளுக்கும் சரக்குக்கும் சித்தப்பா பெரியப்பா உறவுகூட இல்லை. வியாபாரிகள் நடுவே இந்தக் கதை கேட்காத வாரம் இருக்காது.

கதை புதியதல்ல. பழைய கதையில் இடங்கள் மட்டும் மாறியிருந்தன: வாங்குகிற கடை லண்டனில் இருந்தது, கடல் கடந்த ‘ஃபேக்டரி’ தமிழ்நாட்டில் இருந்தது.

ஃபேக்டரி என்ற சொல்லுக்கு அன்று புகைபோக்கியும் எந்திரமும் பொருள் அல்ல. ஃபேக்டர் என்றால் வணிகக் கம்பெனியின் முகவர். அவர் தங்கிச் சரக்கு வாங்கிக் கப்பலேற்றும் பண்டகசாலையே ஃபேக்டரி. தென்பெண்ணை மணலூர்பேட்டையைத் தாண்டி, திருக்கோவலூரைத் தாண்டி, கடலூர் அருகே கடலில் விழுகிறது. அங்கே தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. அந்தக் கோட்டைக்கும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் உள்நாட்டுத் தறிகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி போயிற்று.

மூட்டை நேராகக் கப்பலேறியதில்லை. கோட்டைக்குள் துணி தரம் பிரிக்க ஒரு கிடங்கு இருந்தது. வியாபாரிகள் கொண்டுவந்த துணியை அங்கே விரித்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். நீளம் சரியா, அகலம் சரியா, இழை எத்தனை? பாவு இழையை எண்ணப் புஞ்சம் என்ற அளவு. ஒரு புஞ்சத்துக்கு 120 இழை. புஞ்சம் குறைந்தால் துணி ஒரு தரம் கீழே இறங்கும், இன்னும் குறைந்தால் கழிவு என்று திரும்பும். வியாபாரி அந்த நஷ்டத்தை நெசவாளி தலையில் இறக்கிவிடுவார். முன்பணம் வாங்கியிருந்த நெசவாளிக்கு வாயைத் திறக்க வழியில்லை.

அந்த மாதிரித் துணியைக் கம்பெனிக்காரர்கள் ‘மஸ்டர்’ என்று எழுதினார்கள். போர்த்துகீசியரின் ‘மோஸ்த்ரா’விலிருந்து வந்த சொல். தமிழில் ‘புது மோஸ்தர் புடவை’ என்கிறோமே, அந்த மோஸ்தரும் அதே வேரில் முளைத்ததுதான். இன்று நவீனம், பாணி என்ற பொருளில் வழங்கும் சொல், பிறந்தபோது ‘பார்த்து ஒப்பிட்டுக்கொள், இதுதான் சரக்கு’ என்று வியாபாரி காட்டிய துண்டுத் துணி.

இவ்வளவு பார்த்தும் லண்டனிலிருந்த இயக்குநர்கள் ‘துணி மட்டமாகிவிட்டது’ என்று கடிதம் எழுதுவதை நிறுத்தவே இல்லை. கடிதம் வந்து சேர அரை ஆண்டு, பதில் போய்ச் சேர இன்னோர் அரை ஆண்டு. அதற்குள் இரண்டு பருவத்துத் துணி கப்பலேறியிருக்கும். கம்பெனி கடைசியில் கண்ட வழி, சோதனையைத் தறிக்கே பக்கத்தில் கொண்டுபோவது. 1734இல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை உருவானது நெசவாளர், நூற்பவர், சாயமிடுவோர், வெளுப்பவர் எல்லாரையும் கூப்பிடு தூரத்தில் குடிவைக்கத்தான். பேட்டை என்றாலே சரக்கும் ஆளும் கூடும் இடம். மணலூர்பேட்டைக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனி நடுவிலிருந்த வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, தன் ஆட்களை நெசவாளர் ஊர்களுக்கே அனுப்பத் தொடங்கியது. தரச் சோதனை தறிக்கூடத்து வாசலில் காவலாக வந்து உட்கார்ந்தது. கடலூர்ப் பக்கத்து நெசவாளர்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்ததும் உண்டு. தரம் பார்ப்பது என்பது யார் கை மேலே, யார் கை கீழே என்பதையும் சேர்த்துத்தான். இதைத் தரக் கட்டுப்பாட்டுப் பாடநூல்கள் எழுதுவதில்லை.

இன்று அதே காட்சியைப் பார்க்கத் திருப்பூருக்குப் போக வேண்டும். கள்ளக்குறிச்சி, திருக்கோவலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் ஊர். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கும் கடைக்குத் திருப்பூர்தான் ‘கடல் கடந்த தொழிற்சாலை’. ஒரு குழந்தைக் கவுன் அங்கே எத்தனை கண்களைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். மொத்தச் சரக்கையும் தைப்பதற்கு முன்பே ஒரு கவுன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப, அது ‘இப்படியே தை’ என்ற முத்திரையோடு திரும்பி வரவேண்டும். அதைச் சீல் சாம்பிள் என்கிறார்கள், பழைய மஸ்டரேதான். அந்தச் சாம்பிள் தையல் வரிசைக்குப் பக்கத்தில் தொங்கும். லைனில் ஒரு செக்கிங், தைத்து முடித்த பிறகு மேசையில் ஒரு செக்கிங், அயர்ன் போட்ட பிறகு ஒரு செக்கிங். பழுது பார்க்கக்கூடியது ‘ஆல்டர்’, முடியாதது ‘ரிஜக்ட்’.

ஊசி உடைந்தால் நடப்பது தனிக் கூத்து. தையல்காரப் பெண் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடிப் பொறுக்கி, பதிவேட்டில் ஒட்டி, முழு ஊசி சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி கைக்கு வரும். ஒரு துணுக்கு கிடைக்கவில்லை என்றால் சுற்றியிருக்கும் துணி முழுவதும் தனியே ஒதுக்கப்படும். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு கவுனும் உலோகம் கண்டுபிடிக்கும் எந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். எங்கோ ஒரு குழந்தையின் தோளில் ஊசிமுனை குத்திவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும். அந்தக் குழந்தைக்கு இது நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் வாங்குபவரின் ஆள் வருவார். சரக்கு முழுவதும் தைத்து முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அவர் கை வைப்பார். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை அவரே சொல்வார். முதலாளி எடுத்து முன்னால் அடுக்கி வைத்த பெட்டியை ஒதுக்கிவிட்டு, சுவரோரம் அடியில் கிடக்கும் பெட்டியை இழுக்கச் சொல்வார். மூட்டையின் விலாவில் விழும் குத்தும் இதுவும் ஒன்றுதான்.

எத்தனை எடுப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1950இல் வெளியிட்ட அட்டவணையின் வழித்தோன்றலை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் அதன் பெயர் ஐஎஸ் 2500. சரக்கு 1,201 முதல் 3,200 வரை என்றால், வழக்கமான நிலையில் 125 எடுத்துப் பார்க்க வேண்டும். திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ‘ஏக்யூஎல் 2.5’ (ஏற்கத்தக்க தர எல்லை) கணக்கில், 125இல் ஏழு பழுது வரை சரக்கு பாஸ். எட்டு வந்தால் ஃபெயில், மொத்தச் சரக்கையும் பிரித்துக் கொட்டி மறுபடி பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறைக்கு மட்டும் சலுகை கிடையாது, ஒன்று வந்தாலே கதை முடிந்தது.

கேட்பவருக்கு இது வினோதமாக இருக்கலாம். ஏழு பழுதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதா? ஆம். சாம்பிள் எடுத்துப் பார்க்கும் சோதனையால் ‘பழுதே இல்லை’ என்று சொல்ல முடியாது, ‘பழுது இவ்வளவுக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு’ என்று மட்டுமே சொல்ல முடியும். நூற்றுக்கு ஒரு புட்டி கெட்டுப்போன மருந்துச் சரக்கு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 புட்டிகளை எடுத்துச் சோதித்தால், 20உம் சுத்தமாகவே வந்துவிட ஐந்துக்கு நான்கு பங்கு வாய்ப்பு உண்டு. சோதித்தவர் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய் சொல்லவில்லை. சரக்கு மட்டும் கெட்டது.

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு இதே பாடம் அரசுச் செலவில் நடக்கவிருந்து, மயிரிழையில் தப்பியது. ஊரடங்கு நேரம். கொரோனா தொற்று யாருக்கு வந்து போயிருக்கிறது என்று விரல்நுனி ரத்தத்தில் அரை மணி நேரத்துக்குள் சொல்லும் ‘ரேபிட் கிட்’ மேல் நாடே கண் வைத்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சுருக்கமாக ஐசிஎம்ஆர், சீனத்திலிருந்து 5 லட்சம் கிட்டுகளுக்குச் சொல்லியிருந்தது. தமிழ்நாடு தனியாக 50,000 கேட்டிருந்தது. விலை கிட் ஒன்றுக்கு 600 ரூபாய். ஏப்ரல் 17 அன்று முதல் தவணையாக 24,000 வந்து இறங்கின.

நான்கே நாள். 21ஆம் தேதி ஐசிஎம்ஆர் ‘இரண்டு நாள் யாரும் பயன்படுத்த வேண்டாம்’ என்று மாநிலங்களுக்குச் சொன்னது. ராஜஸ்தான்தான் முதலில் குரல் எழுப்பியது. தொற்று உறுதியான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததில் 5.4 சதவீதம் பேரிடம் மட்டுமே கிட் சரியாகச் சொன்னதாம், எதிர்பார்த்தது 90. மற்ற மாநிலங்களிலிருந்து வந்த முடிவுகள் 6 சதவீதம் முதல் 71 சதவீதம் வரை சிதறிக் கிடந்தன. ஒரே பெயரில் வந்த சரக்கு ஓர் ஊரில் குருடு, இன்னோர் ஊரில் ஓரளவு பார்வை. 27ஆம் தேதி, சீன நிறுவனங்கள் இரண்டின் கிட்டுகளையும் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. தமிழ்நாடும் 24,000 கிட்டுகளையும் திருப்பிவிட்டு, மீதி ஆர்டரை ரத்து செய்தது. பணம் இன்னும் கொடுக்காததால் அரசுக்கு நஷ்டமில்லை என்று சுகாதாரத் துறை அறிவித்தது.

இதற்கு நடுவே டெல்லி உயர் நீதிமன்றத்தில் இறக்குமதியாளருக்கும் விநியோகித்தவருக்கும் பணத் தகராறு. அந்த வழக்கில்தான் கிட் இந்தியாவில் வந்து இறங்கிய அடக்க விலை 245 ரூபாய் என்பது வெளியே வந்தது. நீதிமன்றம் விலையை 400க்கு மேல் போகக் கூடாது என்றது. தரத்துக்கு வந்த கேள்வியை விட விலைக்கு வந்த கேள்விதான் அந்த வாரப் பத்திரிகைகளில் பெரிதாக ஓடியது.

இவ்வளவுக்கும் வாங்குவதற்கு முன் கிட்டைச் சோதிக்காமல் இல்லை. அதே தயாரிப்புகளின் மாதிரிகளை இந்திய ஆய்வகங்கள் பார்த்துச் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் ஆர்டர் போயிற்று. அதாவது மோஸ்தர் தேறியது. விமானத்தில் வந்த மூட்டையில் ஊர் ஊருக்கு ஒரு விடை. சீன நிறுவனங்களுக்கும் சொல்ல ஒரு பதில் இருந்தது: தங்கள் சரக்கு தரமானதே, பயன்படுத்திய விதத்திலோ வைத்திருந்த விதத்திலோ தவறு என்றார்கள். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை தொற்றிய முதல் வாரத்தில் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பும் என்பதும் உண்மை. ஆனால் 24,000 என்ற எண்ணிக்கைக்கு மேலே சொன்ன அட்டவணை 315ஐ எடுத்துப் பார் என்கிறது. ரத்தச் சோதனைக் கிட்டைச் சட்டைப் பொத்தானைப்போல் எண்ணிவிட முடியாதுதான். என்றாலும் வந்து இறங்கிய பெட்டியிலிருந்து நூறு கிட்டை எடுத்து, முன்பே விடை தெரிந்த ரத்தத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மாவட்டங்களுக்கு அனுப்பியிருந்தால், சிதறல் நான்கு நாள் முன்பே தெரிந்திருக்கும். அவசரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்து அவசரத்தை இன்று நிழலில் உட்கார்ந்து குறை சொல்வது எளிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மறுபக்கத்துக்கு, இங்கிருந்து கடல் கடந்து போகும் சரக்குக்கு வருவோம். 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் கண்ணுக்குப் போடும் செயற்கைக் கண்ணீர்த் துளி மருந்து ஒன்றால் கிருமித் தொற்று பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேருக்குப் பார்வை போயிற்று, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத அந்தக் கிருமி வகை அதுவரை அமெரிக்காவில் காணாதது. புட்டி தயாரான இடம் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலை ஒன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆட்கள் பிப்ரவரி இறுதியில் ஆலைக்கு வந்து பார்த்து, கிருமி நீக்கும் முறையிலேயே ஓட்டைகள் என்று குறிப்பு எழுதினார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரிகளிலோ கிருமி இல்லை என்று செய்தி வந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். நூற்றில் ஒரு புட்டிக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

அதற்குச் சில மாதம் முன்புதான் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சிறுநீரகம் செயலிழந்து 70 குழந்தைகள் அளவில் இறந்திருந்தார்கள். ஹரியாணாவில் தயாரான இருமல் சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் எச்சரித்தது. ஆலையில் எடுத்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்த இந்திய அதிகாரிகள் விஷம் இல்லை என்றார்கள். மறுபடியும் மோஸ்தர் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். சின்னஞ்சிறு காம்பியா வாதத்தில் இறங்கவில்லை. 2023 ஜூலை 1 முதல் இந்தியாவிலிருந்து வரும் மருந்து எதுவானாலும், கப்பலேறும் முன் மும்பையிலுள்ள ஓர் ஆய்வகம் பார்த்துச் சான்று தந்தால்தான் உள்ளே விடுவோம் என்று விதி போட்டுவிட்டது. குத்தூசியைத் தன் துறைமுகத்தில் வைத்திருக்காமல், மூட்டை கட்டும் இடத்துக்கே கொடுத்தனுப்பிய நாடு அது. இந்தியாவும் விழித்துக்கொண்டது: அதே ஆண்டு ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அரசு ஆய்வகத்தில் தேறியாக வேண்டும். அந்த ஆய்வகங்களில் ஒன்று சென்னையில் இருக்கும் மத்திய மருந்துச் சோதனைக் கூடம்.

ஏற்றுமதியாகும் சிரப்புக்கு. இந்தச் சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் சிரப்பில் அதே டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே விரைந்து சோதித்துக் கண்டுபிடித்தது. இருந்தது 48.6 சதவீதம், இருக்கலாம் என்று விட்டுவைத்த எல்லை 0.1 சதவீதம். பாதிப் புட்டி விஷம். காம்பியாவுக்குப் போகும் புட்டியை இரண்டு முறை பார்த்தார்கள். சிந்த்வாராவுக்கு லாரியில் போகும் புட்டியைக் கப்பலேறும் முன் பார்க்கச் சொன்ன விதி தொடவே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டத்தில், ஒரு புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காததன் விலையை விவரித்துச் சொல்லத் தேவையில்லை.

கடல் கடந்து உள்ளே வரும் பக்கத்துக்கு மறுபடி வருவோம். பொம்மையை எடுத்துக்கொள்ளலாம், எல்லா வீட்டிலும் இருப்பது. 2019இல் இந்தியத் தரக் குழு டெல்லி வட்டாரக் கடைகளில் வாங்குபவர் போலவே போய் 121 பொம்மை வகைகளை வாங்கிச் சோதித்தது. இறக்குமதிப் பொம்மைகளில் 66.90 சதவீதம் தேறவில்லை. மூன்றில் இரண்டு. சிலவற்றில் நகம் கிழிக்கும் விளிம்பு, சிலவற்றில் பிளாஸ்டிக்கை மெதுவாக்கும் தாலேட் ரசாயனம், சிலவற்றில் கன உலோகம். 2020 பிப்ரவரியில் அரசு பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மை எதுவும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது, எந்த நாட்டில் செய்ததானாலும். வெளிநாட்டு ஆலைக்கு இந்த முத்திரை வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரி அந்த ஆலைக்கே போய்ப் பார்ப்பார், சாம்பிளை அவரே எடுப்பார். ஆலை இந்தியாவில் பொறுப்பான ஒரு பிரதிநிதியை அமர்த்தி, 10,000 டாலருக்கு வங்கி உத்தரவாதமும் கட்ட வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் கடையிலிருந்து பொம்மையை வாங்கிச் சோதிப்பார்கள். காம்பியா செய்ததன் விரிவான பதிப்பு. புவிசார் குறியீடு பெற்ற கைவினைக்கு இதில் விலக்கு உண்டு. 2021இல் அந்தக் குறியீட்டைப் பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் செதுக்கும் தச்சர் ஐஎஸ்ஐக்கு அலைய வேண்டாம்.

பொம்மைச் சோதனையில் அழகான கருவி ஒன்று உண்டு. சிறு உலோக உருளை, விட்டம் 31.7 மில்லிமீட்டர், உள்ளே அடி சாய்வாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டைக்கு அது மாற்று. பொம்மையைக் கீழே போட்டு, திருகி, இழுத்து, அமுக்கிப் பார்த்த பிறகு உதிர்ந்து வரும் துண்டை அந்த உருளைக்குள் போடுவார்கள். கண்ணோ, சக்கரமோ, பொத்தானோ, எது முழுதாக உள்ளே அடங்குகிறதோ அது தொண்டையையும் அடைக்கும். குழந்தைப் பொம்மை என்றால் அத்தோடு ஃபெயில். லட்ச ரூபாய் எந்திரம் வேண்டாம், அளவு மட்டும் சரியாக இருந்தால் எந்த லேத்துப் பட்டறையிலும் கடைந்துவிடலாம்.

ஆணை வந்த பிறகு பெரிய கடைகளில் நிலைமை மாறியிருக்கிறது. எல்லா இடத்திலும் என்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனத்தின் சென்னை அலுவலகத்தார் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய இணைய வணிகக் கிடங்குகளில் நுழைந்து பார்த்தபோது, ஒரே கிடங்கில் முத்திரையில்லாத பொருள்கள் மூவாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. பொம்மையும் அவற்றில் உண்டு. முத்திரை இல்லாமல் விற்றால் முதல் முறைக்கே குறைந்தது 2 லட்ச ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை. சுங்கத்திலும் எல்லாக் கண்டெய்னரையும் பிரிப்பதில்லை. எதைத் திறப்பது என்று கணினி ஆபத்துக் கணக்குப் போட்டுச் சொல்லும். மீதி அப்படியே போகும். துறைமுகம் நகர வேண்டுமே.

தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். மணலில் ஒரு நாளைக்கு ஓர் ஊரே முளைக்கிறது. சிறுவள்ளிக்கிழங்குக் குவியல், கரும்புக் கட்டு, ராட்டினம், வளையல் கடை, நடுவே தார்ப்பாய் விரித்த பொம்மைக் கடை. பொங்கல் விடுப்புக்குத் திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் தன் இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நிற்கிறாள். பிள்ளை கை நீட்டுவது கண் உருட்டும் ஒரு கரடிக்கு. அவள் கரடியைத் திருப்புகிறாள், முதுகுத் தையலை நகத்தால் விரித்துப் பார்க்கிறாள், கண்ணை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டி இழுக்கிறாள். செக்கிங் மேசைக் கை அது, சொல்லித் தர வேண்டியதில்லை.

‘அண்ணே, கவர்ல இம்போர்ட்டர் பேரே இல்லையே. எந்த ஊர் சரக்கு?’

‘மொத்தக் கடையில வாங்கினதும்மா. எல்லாக் கடையிலயும் இதேதான்.’

பொட்டலத்துக்குள் வரும் இறக்குமதிச் சரக்கின் மேல் கொண்டுவந்தவர் பெயர், முகவரி, எந்த நாடு, எந்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. இந்தப் பொட்டலத்தின் மேல் சீன எழுத்தில் இரண்டு வரியும் சிரிக்கும் கரடிப் படமும்தான். ஐஎஸ்ஐ முத்திரை இருந்திருந்தால் அதன் கீழே உள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் ஆலையின் பெயரே வந்துவிடும். தட்ட எண் வேண்டும். கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது சரியல்ல. திருவிழாவுக்குத் திருவிழா மூட்டை தூக்குகிறவர், மொத்தக் கடையில் பில் கேட்டால் ‘வேற கடை பாரு’ என்று விரட்டப்படுகிறவர்.

பெண் கரடியைத் தார்ப்பாயில் திருப்பி வைக்கிறாள். பிள்ளை அழத் தொடங்குகிறது. பக்கத்துக் கடையில் வரிசையாக நிற்கும் மரச் செப்புச் சாமான்களில் ஒரு குட்டி அம்மியை எடுத்துக் கொடுக்கிறாள். குழவி சின்னதாக இருக்கிறது. அதை மட்டும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மிக்குக் காசு எண்ணுகிறாள்.